கிரனோன் மலையை வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் ஏறலாமா? (வீட்டு இன்டர்வல் பயிற்சி)

வெள்ளவத்தை மிதிகாரன் | புதன், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு ஒரு மலையில் செத்துப் பிழைத்தேன். மலை இருப்பது பிரான்சில். நான் இருந்தது கொழும்பு வெள்ளவத்தையில், கடற்பக்கத்து பிளட் ஒன்றின் மூன்றாம் மாடி ஹோலில்.

2022இல் பெட்ரோல் இல்லாமல் போனபோது இங்கே பாதிப்பேர் சைக்கிளுக்கு வந்த மாதிரித்தான் நானும் வந்தேன். அந்த வருடம் ஜூலை 13 யாருக்கும் மறந்திருக்காது. விடிய எழும்பினால் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்விட்டார் என்ற செய்தி. பகல் முழுக்க பிளவர் வீதிப் பக்கம் கண்ணீர்ப்புகை, பிறகு ஊரடங்கு. வெளியே போக வழியில்லாமல் வீட்டில் இருந்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்த்தேன். கோடையில் பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் அவர்களுடைய பின்னேர முடிவு நமக்கு இரவு ஒன்பது மணியளவில் வரும். நல்ல காலம், அந்த நேரம் கரண்ட் இருந்தது.

அன்று நடந்தது 11ஆம் கட்டம் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), அல்பெர்வில்லில் தொடங்கி கிரனோன் உச்சி வரை. மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் போடுகிற மஞ்சள் சட்டை பொகாச்சாரிடம். கலிபியே ஏற்றத்தின் அடிவாரத்தில் ரோக்லிச் பாய்வார், பொகாச்சார் பிடிப்பார். பிடித்த கையோடு ரோக்லிச்சின் அணித்தோழர் விங்கெகோர் பாய்வார், மறுபடி பிடிப்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை மாறி மாறி அடிக்கிற மாதிரி. அப்போது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கலிபியேயின் மேல்பாதியில் அவரே திருப்பித் தாக்கவும் செய்தார். கடைசி மலை கிரனோன்: 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதச் சரிவு. உச்சிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது விங்கெகோர் மறுபடி பாய்ந்தார். இந்த முறை பொகாச்சாரிடம் பதில் இல்லை. 2 நிமிடம் 51 வினாடி இழந்தார், மஞ்சள் சட்டையும் போனது.

அந்தக் கட்டத்தை என் டிரெய்னருக்கு (சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற மெஷின்) ஏற்றபடி ஒரு பயிற்சியாக எழுதினேன். என் எஃப்டிபி, அதாவது ஒரு மணி நேர அளவில் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சம், 218 வாட் (20 நிமிடச் சோதனையில் 230 வந்தது, அதில் 95 சதவீதம்). நிறை 74 கிலோ. சதவீதம் எல்லாம் எஃப்டிபியில்:

12 நிமிடம் சூடேற்றம். கலிபியேக்கு முன்னால் வருகிற டெலிகிராஃப் ஏற்றத்துக்கு 10 நிமிடம் 88இல். கலிபியேக்கு 15 நிமிடம்: 20 வினாடி 140இல், 40 வினாடி 105இல், 2 நிமிடம் 88இல், இப்படி ஐந்து சுற்று. இறக்கத்துக்கு 6 நிமிடம் 50இல். கிரனோனுக்கு 16 நிமிடம்: முதல் 8 நிமிடம் 95, அப்புறம் தாக்குதல் 2 நிமிடம் 110, மீதி 6 நிமிடம் 98. பிறகு ஆறவைப்பு.

கிரனோனில் ஒன்பதாவது நிமிடம் கால் நின்றுவிட்டது. இதயத்துடிப்பு 186. இறங்கி அப்படியே டைல்ஸில் படுத்துவிட்டேன். மனைவி வந்து ஒரு துவாயைப் போட்டுவிட்டுப் போனாள், முகத்தில்.

கேள்வி: பிழை திட்டத்திலா, ஆளிலா?

பழைய செயின் | புதன், இரவு 11.25

தம்பி, பிழை தொலைக்காட்சியில்.

கோபிக்க வேண்டாம். இந்த நாடகமெல்லாம் எதற்கு? தொழில்முறைக்காரன் கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேல் மிதிக்கிறான், நாலைந்து மணி நேரம் ஓடிவிட்டு அதைச் செய்கிறான். நீர் கிலோவுக்கு மூன்று. அவனுடைய கட்டத்துக்கும் உம்முடைய ஹோலுக்கும் பெயரைத் தவிர என்ன சம்பந்தம்? உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற ஆட்களைப் பிரித்து 4×4, 4×8, 4×16 நிமிட இன்டர்வல்கள் (கடின மிதிப்பும் ஓய்வும் மாறி மாறி) செய்யவைத்தார்கள். நன்றாக முன்னேறியது 4×8 செய்த குழு. எட்டு நிமிடம் கடினமாக, இரண்டு நிமிடம் ஓய்வு, நாலு தரம். முடிந்தது கதை. இதற்கு மஞ்சள் சட்டையும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் பின்சீற்றில் ஒரு மூட்டை நெல்லோடு மிதித்தவன். அதற்குப் பெயர் இன்டர்வல் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

ஹட்டன் ரயில் | வியாழன், காலை 6.10

பழைய செயின் ஐயா சொன்ன 4×8ஐ நானும் செய்திருக்கிறேன். நல்ல பயிற்சி. மூன்றாவது வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிக்க ஏலாமல் விட்டுவிட்டேன். செய்யாத நல்ல பயிற்சியை விட செய்கிற சுமாரான பயிற்சி மேல் என்பது என் கட்சி.

ஆனால் மிதிகாரன் அண்ணா, நீங்கள் கட்டத்தின் நீளத்தையும் சரிவையும் எடுத்திருக்கிறீர்கள், அதன் குணத்தை எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கிரனோன் நாளில் பொகாச்சார் விழுந்தது கிரனோனில் இல்லையே. கலிபியேயில் ஒவ்வொரு அடிக்கும் தானே பதில் சொன்னாரே, விலை அங்கே எழுதப்பட்டது, வசூல் பிறகு நடந்தது. அந்தக் கட்டம் கேட்கிற திறமை என்ன? குறுகிய பாய்ச்சலுக்குப் பிறகு முழுதாக ஆறாமலே அடுத்ததற்குத் தயாராவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். 2020இல் பிளான்ஷ் டெ பெல் ஃபீய் மலையில் முடிந்த தனிநேர ஓட்டம் (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு ஓடுவது) கேட்டது வேறு: 36.2 கிலோமீட்டர், முதலில் சமதரை, கடைசியில் 5.9 கிலோமீட்டர் மலை. அன்று பொகாச்சார் 57 வினாடி பின்னால் இருந்து தொடங்கி 59 வினாடி முன்னால் முடித்தார். அதில் தாக்குதலே இல்லை, சீராக அடக்கி ஓடி மலைக்கு மிச்சம் வைக்கிற வேலைதான். அதை வீட்டில் செய்தால் 25 நிமிடம் 90இல், ஒரு நிமிடம் சும்மா (அவர்கள் மலையடியில் சைக்கிள் மாற்றினார்கள், நாம் துவாய் மாற்றலாம்), பிறகு 12 நிமிடம் 100இல். இது முழுக்க வேறு நோவு.

ஒரு பக்கக் குறிப்பு: நான் ஊருக்குப் போகும்போது நிஜ மலையில் ஏறுகிறேன். கொழும்பில் இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய ஏற்றம் ஏதோ ஒரு மேம்பாலம். அதனால் டிரெய்னரை நாடகம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தெமட்டகொட நானா | வியாழன், காலை 8.32

சலாம் எல்லோருக்கும். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். மிதிகாரன் தம்பி, ஃபேன் எத்தனை?

வெள்ளவத்தை மிதிகாரன் | வியாழன், காலை 9.05

சீலிங் ஃபேன் ஒன்று, நானா. ஜன்னல் திறந்திருந்தது. கடல் காற்று வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஹோலில் ஏசி இல்லை, அறையில்தான் இருக்கிறது. எஃப்டிபி சோதனையை அறைக்குள் ஏசி போட்டு விடிய செய்தேன்.

தெமட்டகொட நானா | வியாழன், மதியம் 1.15

அப்படியென்றால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

கணக்கைப் பாரும். மனித உடம்பு எரிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மீதி சூடு. 200 வாட் மிதிக்கிற ஆள் உள்ளே எரிப்பது சுமார் 900 வாட், ஆக 700 வாட் அளவு சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஒரு அயன் பெட்டியை வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்கிற மாதிரி. ரோட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று தானாக அடிக்கும். ஹோலில் நீர் எத்தனை வாட் மிதித்தாலும் வேகம் பூச்சியம். அதோடு கொழும்பின் ஈரப்பதன். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், டைல்ஸில் சொட்டினால் டைல்ஸ்தான் குளிரும்.

உடம்பு என்ன செய்யும்? இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். காலுக்குப் போகிறது குறையும். வியர்த்து நீரும் குறையக் குறைய, அதே வாட்டுக்கு இதயம் நிமிடத்துக்கு நிமிடம் கூட அடிக்கும். உம்முடைய 186இல் ஒரு பகுதி மலை, ஒரு பகுதி வெள்ளவத்தை.

அதனால்:

ஸ்டாண்ட் ஃபேன் இரண்டு வாங்கும். ஒன்று முன்னால் நெஞ்சுக்கு, ஒன்று பக்கவாட்டில் முதுகுக்கு. சீலிங் ஃபேன் தலைமயிரை உலர்த்தும், அவ்வளவுதான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் துவாயால் துடைத்துவிட்டு நிறை பாரும். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்தால் நீர் குடித்ததற்கு மேல் ஒரு லீற்றர் போயிருக்கிறது. வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போகிறது. நான் போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புப் பொடி) கலக்கிறேன். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்புப் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் பத்துப் பதினாலு நாளில் உடம்பு சூட்டுக்குப் பழகும்.

இன்னொன்று, இது பயமுறுத்த அல்ல. வியர்வை நேராக ஹாண்டிலில் சொட்டும். என் பழைய சைக்கிளில் ஒன்றரை வருடம் கழித்து ஹாண்டில் டேப்பைக் கழற்றினால் உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஹாண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம் திருகாணிகள் துருப்பிடித்து இறுகி, ஒன்று தலை உடைந்தே வந்தது. வேகமாக இறங்கும்போது கையோடு வந்திருந்தால்? கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் இரட்டிப்புக் கவனம். ஹாண்டிலின் மேல் துவாய் போடுங்கள், முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பைக் கழற்றிப் பாருங்கள்.

கடுகுத்தாளிதம் | வியாழன், பின்னேரம் 5.48

நானா, அந்த அயன் பெட்டிக் கணக்கை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அப்ப நீயே உடுப்பை மேலே போட்டு அயன் பண்ணிக்கொள்" என்றார்கள்.

என்னிடம் இருப்பது தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய காந்த டிரெய்னர். பின்டயரை ஒரு உருளையில் அழுத்துகிற வகை. வாட்டும் இல்லை, எஃப்டிபியும் இல்லை, ஆப்பும் இல்லை. உங்கள் சதவீதங்களைப் பார்க்க ரேஷன் கடைக் கணக்கு மாதிரி இருக்கிறது. நான் செய்கிற முறை வேறு. மிதித்துக்கொண்டே தேவாரம் சொல்லிப் பார்ப்பேன். ஒரு பாட்டு முழுதாகச் சொல்ல முடிந்தால் அது சும்மா ஓட்டம். ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்றால் நடுத்தரம். நாலு சொல்லில் நின்றால் எல்லை. "தோடுடைய" என்பதிலேயே நின்றால் தாக்குதல்.

நான் எடுத்த கட்டம் பெண்கள் டூர் டி பிரான்ஸ் 2024இன் கடைசி நாள், ஆல்ப் டுவேஸ் மலை. மஞ்சள் சட்டையில் இருந்த காசியா நியேவியாடோமா, டெமி வோலரிங்கைவிட 1 நிமிடம் 15 வினாடி முன்னிலையோடு தொடங்கினார். கிளாண்டோன் ஏற்றத்தில் வோலரிங் பாய்ந்து போய்விட்டார். நியேவியாடோமாவால் கூடப் போக முடியவில்லை, போனாலும் வெடித்திருப்பார். விட்டுவிட்டு, தன் வேகத்தில், துரத்தினார். 21 வளைவு கொண்ட கடைசி மலையிலும் அதேதான். வோலரிங் கட்டத்தை வென்றார். மொத்த நேரத்தில் நியேவியாடோமா 4 வினாடியால் பட்டத்தை வென்றார். நாலே நாலு வினாடி!

என் பயிற்சி: பத்து நிமிடம் மூன்று தரம், நடுவில் நாலு நிமிடம். எட்டு நிமிடம் நாலு சொல் வேகம், கடைசி இரண்டு நிமிடம் ஒரு கியர் கடினமாக. முதல் தரத்தில் பாய்ந்தால் மூன்றாவது தரத்தில் நாலு வினாடி என்ன, நாலு நிமிடமும் போய்விடும். அதுதான் அதன் பாடம்.

ஆனால் ஒரே கியர், ஒரே வேகம் என்றாலும் சில நாள் லேசாக இருக்கிறது, சில நாள் இழுக்கிறது. என் காலா, மெஷினா?

தெமட்டகொட நானா | வியாழன், பின்னேரம் 6.30

மெஷின்தான் தங்கச்சி, பெரும்பாலும். டயரில் காற்றை ஒவ்வொரு முறையும் பம்ப் அளவியில் ஒரே அளவுக்கு அடியுங்கள். உருளையை அழுத்துகிற திருகை எத்தனை சுற்று என்று எண்ணி வையுங்கள். முதல் பத்து நிமிடம் டயரும் உருளையும் சூடாகும்வரை எந்த வேகத்தையும் நம்பாதீர்கள். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் பின்சக்கர வேகமே உங்கள் வாட் மீட்டர். எண் என்னவென்று தெரியத் தேவையில்லை, போன வாரத்தோடு ஒப்பிட முடிந்தால் போதும்.

தேவார முறையை நான் குர்ஆன் சூறாவோடு செய்து பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

பழைய செயின் | வியாழன், இரவு 9.50

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்குலேட்டரோடு உட்கார்ந்தேன். மிதிகாரன் தம்பி, உம்முடைய கலிபியேயைக் கூட்டிப் பார்த்தீரா?

ஒரு சுற்று 180 வினாடி. 20 வினாடி 140, 40 வினாடி 105, 120 வினாடி 88. சராசரி 97.6 சதவீதம். இதை 15 நிமிடம். இதற்கு முன் 10 நிமிடம் 88. பிறகு ஆறு நிமிடம் மூச்சு. அப்புறம் 16 நிமிடம் சராசரி 98. எஃப்டிபி என்பதே ஒரு மணி நேர அளவில் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சம். நீர் கிட்டத்தட்ட அதையே, பாய்ச்சல்களும் சேர்த்து, ஒரு சீலிங் ஃபேனுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறீர். பொகாச்சார் வந்து உம்முடைய 218 வாட்டை வாங்கிக்கொண்டு மிதித்தாலும் டைல்ஸில்தான் படுப்பார்.

இன்னொன்றும் கவனித்தேன். உண்மைக் கட்டத்தில் பாய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே அவர்கள் வேகம் குறைத்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அடுத்தவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு காற்றை மிச்சப்படுத்துவார்கள். வளைவில் மிதியை நிறுத்துவார்கள். ஹோலில் உமக்கு யாருடைய பின்சக்கரமும் இல்லை. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை நீர்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரிகிறது பாய்ச்சல் மட்டும்தான், அதனால் எல்லோரும் அதை மட்டும் எழுதுகிறார்கள்.

திருத்தம்: 20 வினாடி 130, 40 வினாடி 95, 2 நிமிடம் 75. சராசரி 85.6. இது ஓடக்கூடியது. கிரனோனில் முதல் 8 நிமிடம் 90, தாக்குதல் 2 நிமிடம் 108, மீதி 6 நிமிடம் 92. ஏறினால் அடுத்த வாரம் ஒவ்வொன்றாகக் கூட்டும்.

நாடகம் என்ற கருத்தில் மாற்றமில்லை. நாடகம் போடுவதென்றால் கணக்கோடு போடும் என்கிறேன்.

ஹட்டன் ரயில் | வியாழன், இரவு 10.12

ஐயா, கல்குலேட்டர் எடுத்த நேரமே நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள்.

மிதிகாரன் அண்ணா, உங்களுடையது ஸ்மார்ட் டிரெய்னர் என்றால் எர்க் முறையில் ஓடினீர்களா? அதாவது மெஷினே வாட்டைப் பிடித்து வைக்கிற முறை. நீண்ட சீரான பகுதிக்கு அது நல்லது. 20 வினாடிப் பாய்ச்சலுக்கு உதவாது. மெஷின் எதிர்ப்பைக் கூட்டி முடிக்கவே சில வினாடி போகும், அது இறங்கும்போது நீங்கள் ஏற்கெனவே ஓய்வில் இருப்பீர்கள். அதைவிடப் பொல்லாதது, களைத்து மிதிவேகம் குறைந்தால் அதே வாட்டுக்காக மெஷின் இன்னும் இறுக்கும், இறுக்க இறுக்க வேகம் இன்னும் குறையும், கடைசியில் சேற்றில் விழுந்த மாதிரிக் கால் நிற்கும். நீங்கள் ஒன்பதாவது நிமிடத்தில் நின்ற விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் படுகிறது.

வெள்ளவத்தை மிதிகாரன் | வெள்ளி, காலை 7.20

அதேதான்! மிதிவேகம் நிமிடத்துக்கு 85 சுற்றிலிருந்து 60, 50, பிறகு கல். நான் கால் செத்துவிட்டது என்று நினைத்தேன்.

பழைய செயின் அண்ணா, நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. சதவீதங்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது 88 என்பது ஓய்வு மாதிரித் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் என் தொழிலே கணக்காளர்.

ஞாயிறு திருத்தத்தோடு செய்கிறேன். எஃப்டிபியையும் ஹோலுக்கு 205 என்று வைக்கிறேன், அறையில் எடுத்த எண்ணை ஹோலில் நம்பியது பிழை.

இன்னும் ஒரு கரைச்சல். கீழ் வீட்டு ஆன்ட்டி நேற்று மேலே வந்து, "மகன், இரவில் கிரைண்டர் போடுகிறீர்களா?" என்று கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான். அதனால்தான் கூடுதல் பயம்.

கடுகுத்தாளிதம் | வெள்ளி, காலை 8.02

நாங்களும் பிளட்தான். சத்தம் காற்றில் போவதைவிட நிலம் வழியாகத்தான் போகிறது. தடித்த ரப்பர் பாய், அதற்குக் கீழே பழைய யோகா பாய் இரண்டு. டிரெய்னரின் கால் சுவரில் முட்டக்கூடாது. அப்புறம் கீழ் வீட்டுக்கு ஒரு தட்டு வட்டிலப்பம். வட்டிலப்பம் கட்டாயம்.

தெமட்டகொட நானா | வெள்ளி, பின்னேரம் 3.40

வட்டிலப்பத்துக்கு என் வீட்டிலிருந்து ஆதரவு.

இந்த இழையை வாசித்துவிட்டு யாராவது வாரத்தில் ஐந்து நாள் கட்டம் ஓட வெளிக்கிட்டால் எனக்குப் பாவம் வரும். கடினமான இன்டர்வல் வாரத்தில் இரண்டு, நடுவில் குறைந்தது ஒரு நாள் லேசான ஓட்டம் அல்லது முழு ஓய்வு. மூன்றாவது என்பது சின்ன வயதுக்காரருக்கு. நோன்புக் காலத்தில் நான் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு வாரத்தில் ஒன்றுதான் செய்கிறேன், அதுவும் 40 நிமிடத்துக்குள்.

அந்த 40 நிமிடத்துக்கு என் கட்டம் இத்தாலியின் மிலான் சான்ரெமோ ஒருநாள் பந்தயத்தின் வால். முழு ஓட்டம் 290 கிலோமீட்டர் அளவு, அதில் ஐந்து மணி நேரம் தூக்கம் வரும். கடைசி அரை மணி நேரத்தில்தான் உயிர். சிப்ரெஸா ஏற்றம் 5.6 கிலோமீட்டர், பிறகு கடலோர சமதரை, பிறகு போஜியோ 3.7 கிலோமீட்டர். போஜியோ மலையே அல்ல, சராசரிச் சரிவு 3.7 சதவீதம். ஆனால் முன்னால் போகிறவர்கள் ஆறு நிமிடத்துக்கும் குறைவாக ஏறிவிடுவார்கள். 2023இல் வான் டெர் பூல் உச்சிக்குச் சற்று முன்னால் பாய்ந்து தனியாகவே முடித்தார். 2025இல் பொகாச்சார் சிப்ரெஸாவிலேயே தொடங்கிப் பார்த்தார், வான் டெர் பூல் விடவில்லை, கடைசி ஸ்பிரிண்டில் வென்றார்.

வீட்டில்: சூடேற்றம் 10, சிப்ரெஸா 9 நிமிடம் 95இல், கடலோரம் 5 நிமிடம் 65இல், போஜியோ 5 நிமிடம் 105இல், அதன் கடைசி 20 வினாடி முடிந்த மட்டும், இறக்கம் 2 நிமிடம் சும்மா, கடைசியாக எழுந்து நின்று 15 வினாடி ஸ்பிரிண்ட். ஆறவைப்பு. டிரெய்னரில் ஸ்பிரிண்ட் அடிக்கும்போது சைக்கிளைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்ட வேண்டாம், பிரேம் இறுகப் பிடித்திருக்கிறது, வளைக்கப் பார்க்காதீர்கள்.

பழைய செயின் | வெள்ளி, இரவு 8.15

நெஞ்சு நோ, தலைச்சுற்று, வியர்வை திடீரென்று நின்று உடம்பு சில்லிடுவது, இதில் ஏதாவது வந்தால் கட்டமும் வேண்டாம் சட்டையும் வேண்டாம், உடனே நிறுத்த வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் இப்படிக் கடினமாகத் தொடங்குமுன் ஒருமுறை டொக்டரிடம் கேளுங்கள். எனக்கு ஐம்பத்தெட்டு, நான் கேட்டேன். "செய்யலாம், ஆனால் சொல்வதைக் கேட்கிற ஆளாக நீங்கள் தெரியவில்லை" என்றார்.

வெள்ளவத்தை மிதிகாரன் | ஞாயிறு, இரவு 8.55

செய்தேன். முழுதாக.

நேரம் பின்னேரம் 6.30, ஆன்ட்டி கோயிலுக்குப் போயிருந்தார். ஸ்டாண்ட் ஃபேன் இரண்டு (ஒன்று வாங்கினேன், ஒன்று பக்கத்து வீட்டில் இரவல்). பல்கனிக் கதவைத் திறந்து வைத்தேன், பத்து நிமிடத்தில் நுளம்பு வந்தது, மூடிவிட்டேன். இந்த ஊரில் டெங்குவுக்கும் சேர்த்துத்தான் பயிற்சித் திட்டம் எழுத வேண்டும். போத்தல் இரண்டு, ஒன்றில் ஜீவனி. எர்க்கை கலிபியேயில் நிறுத்திவிட்டுக் கியரால் ஓட்டினேன்.

கலிபியேயில் ஐந்து பாய்ச்சலில் நாலாவதுதான் கடினம். ஐந்தாவது கடைசி என்று தெரிந்ததால் வந்துவிட்டது. அந்த 75 சதவீத இரண்டு நிமிடம் முதல் சுற்றில் அலுப்பாக இருந்தது, நாலாவதில் சொர்க்கம். கிரனோனில் ஒன்பதாவது நிமிடம் தாண்டும்போது என்னை அறியாமல் டைல்ஸைப் பார்த்தேன். 108 சதவீதம் முடிந்து 92க்கு இறங்கும்போதுதான் இந்தப் பயிற்சியின் அசல் இடம் எங்கே என்று பிடிபட்டது. பாய்வது பெரிய விஷயமாக இல்லை. பாய்ந்த பிறகு நின்றுவிடாமல் மறுபடி ஒரு வேகத்தில் உட்காருவதுதான் கொல்கிறது. பிடித்தேன். அதிகபட்சத் துடிப்பு 177. முன்னும் பின்னும் நிறை பார்த்தேன், ஒன்றரை லீற்றர் குடித்தும் 700 கிராம் குறைவு.

அடுத்த வாரம் 4×8 ஒன்று, கட்டம் ஒன்று. செயின் அண்ணாவுக்கும் பங்கு கொடுத்துவிட்டேன். வட்டிலப்பம் நாளைக்கு.

ஹட்டன் ரயில் | ஞாயிறு, இரவு 9.20

வாழ்த்துகள் அண்ணா! அடுத்த லீவுக்கு கம்பளையிலிருந்து புஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா போவோம். அங்கே ஃபேன் தேவையில்லை, ஜக்கெட் தேவை.

கடுகுத்தாளிதம் | ஞாயிறு, இரவு 9.31

முகத்தில் போட்ட துவாய் இந்த முறை எங்கே?

வெள்ளவத்தை மிதிகாரன் | ஞாயிறு, இரவு 9.34

ஹாண்டிலில். நானாவின் கட்டளை.

பழைய செயின் | செவ்வாய், இரவு 10.05

ஒரு தகவலுக்காக எழுதுகிறேன், பகிடி பண்ணக்கூடாது. நேற்று இரவு மகளின் டிரெய்னரில் அந்தத் திருத்திய கிரனோனைச் செய்து பார்த்தேன், கணக்குச் சரிதானா என்று பரிசோதிக்க மட்டும். கலிபியே சுகமாகப் போனது. கிரனோனில் பதினோராவது நிமிடம் இறங்க வேண்டி வந்தது. மகள் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள், கனடாவிலிருந்து தங்கச்சி கூப்பிட்டு "அண்ணனுக்கு என்ன நடந்தது?" என்று அழுகிறாள்.

கணக்குச் சரி. சீலிங் ஃபேன் ஒன்றுதான் இருந்தது. நானா, அந்த ஸ்டாண்ட் ஃபேன் எத்தனை அங்குலம் வாங்க வேண்டும்?